எடையும் இடுக்கும்

ரெக்கார்டிங் ரூம் வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஷீட் ஃபோம் வாங்கணும்?" என்றுதான். ஃபோம் அறைக்குள் எழும் எதிரொலியை அடக்கும். ரோட்டில் போகும் லாரிச் சத்தத்தை அது ஒன்றும் செய்யாது. முட்டை அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெளிச் சத்தத்தை நிறுத்துவது எடை. எடை போட்டபின் இடுக்கில்லாமல் அடைக்க வேண்டும். தொழில் கற்க வருகிற தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது இது.

எனக்கு வேலை சொல்லித்தந்த ஆசாரி, கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குக் கதவு செய்தவர். பேசும்படம் வந்த புதிதில் வெட்டவெளியில் வெயிலை நம்பிப் படம் எடுத்ததையும், காக்கை கரைந்து ஒலிப்பதிவு கெடாமலிருக்கத் துப்பாக்கியோடு ஆள் நின்றதையும் தன் பெரியவர்களிடம் கேட்டதாகச் சொல்வார். கதவை மாட்டியதும் தட்டிப் பார்ப்பார். "டொக்குன்னா பத்தாதுடா, தொம்முன்னு வரணும்." பிறகு நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி, மெல்ல இழுப்பார். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்து ரப்பர் பீடிங்கைப் பிரித்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்வார். நாலு பக்கமும் காகிதம் பிடிக்கும்வரை சாப்பிடப் போக முடியாது. அந்தக் காகிதச் சோதனையை இன்றும் நான் விடவில்லை.

நான் வேலை செய்யும் நெய்வேலியில் ஒரு வேலை எடுக்குமுன் அந்த வீட்டில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்து காது கொடுங்கள். டவுன்ஷிப் பிளாக்குகளுக்குள் மரம் அதிகம். குயிலும் மைனாவும்தான் தொந்தரவு. மெல்லிய உயர்ந்த ஒலி ஆதலால் சாதாரணச் சுவரே அதை நிறுத்திவிடும். இந்திரா நகர், வடக்குத்துப் பக்கம் போனால் கும்பகோணம் ரோட்டு பஸ்ஸும் லாரியும். இன்ஜினின் கனத்த உறுமல் அந்தச் சாதாரணச் சுவரைப் பொருட்படுத்தாது. சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடினப் பாறையைத் தளர்த்த வைக்கும் வெடியோ காற்றில் வருவதோடு நிற்காமல் தரை வழியாகவும் வரும். அதற்குச் சுவரைத் தடிமனாக்கிப் பயனில்லை. அறையைத் தரையிலிருந்தே பிரித்து, ரப்பர் திண்டுகள்மேல் நிறுத்த வேண்டும். அவ்வளவு செலவு தாங்காதவர்களிடம் வெடி நேரம் பார்த்துப் பதிவு வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் என்றால் சுவரை உடைக்கவோ ஜன்னலைக் கல் வைத்து அடைக்கவோ முடியாது. 19 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை நடுவே கனத்த ரப்பர் விரிப்பு வைத்துச் சேர்த்து, ஜன்னல் நிலைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் அடைப்பாகச் செய்கிறேன். இரண்டு கைப்பிடி போட்டுவிட்டால் வேலை முடிந்ததும் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

சொந்த வீடென்றால் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த ஃபிளை ஆஷ் கல் இங்கே சுலபமாகக் கிடைக்கிறது. கனமான கல், எனக்குப் பிடித்தது. ஏஏசி பிளாக் வெயிலுக்கு நல்லது, ஆனால் எடை போதாது. ஹாலோ பிளாக் என்றால் ஓட்டைகளில் மணல் நிரப்பியே கட்டுங்கள். 9 இன்ச் சுவர் இருபுறமும் பூசினால் 50 டெசிபல் அளவுக்குத் தடுக்கும். அதே சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் தடுப்பு 20 டெசிபலுக்கு இறங்கிவிடும்.

இந்திரா நகரில் மகள் வீணை பதிவதற்காக ஒரு பெரியவர் அறை கட்டச் சொன்னார். உள்ளே தனிச் சட்டம், 48 கிலோ அடர்த்தி ராக்வூல், அதன்மேல் மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு. எல்லாம் முடிந்தும் ஹாலில் பேசுவது உள்ளே கேட்டது. ஹாலில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, ஒரு முழ ரப்பர் குழாயைக் காதில் செருகி, மறுமுனையைச் சுவரெங்கும் நகர்த்தினோம். சுவிட்ச் பாக்ஸ் பக்கம் வந்ததும் செய்தி வாசிப்பவர் காதுக்குள்ளேயே பேசினார். இரண்டு அறை சுவிட்ச் பாக்ஸும் முதுகோடு முதுகு இருந்தன. ஒன்றைத் தள்ளி வைத்து, கான்டூயிட் வாயைப் புட்டியால் அடைத்தபிறகுதான் அறை அடங்கியது.

போர்டின் ஓரம் சுவரையும் தரையையும் தொடக்கூடாது. சிறு இடைவெளி விட்டு, இறுகிப் போகாத சீலன்ட்டால் நிரப்புங்கள். வெள்ளை சிமென்ட் வேண்டாம், இறுகி வெடிக்கும். உள்சட்டத்திலிருந்து வெளிச்சுவர்வரை போகும் ஒரு நீள ஸ்க்ரூ போதும், சத்தத்துக்குப் பாலம் கட்டிவிடும். ராக்வூலைத் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

இப்படி அடைத்த அறையில் மூச்சு விடவும் வழி வேண்டும். கத்திரி வெயிலில் பாடுகிறவர் தாங்கமாட்டார். காற்று வரும் பெட்டிக்குள் தடுப்புகள் வைத்து வளைத்து வளைத்து வழி விட்டு, உட்புறம் ராக்வூல் ஒட்டினால் காற்று வரும், சத்தம் பெட்டிக்குள்ளேயே களைத்துப்போகும். டேக் எடுக்கும்போது ஸ்பிளிட் ஏசியை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

ஆடி மாதக் கோயில் குழாய் ஸ்பீக்கருக்கு ஈடுகொடுக்கும் அறை நிறைய காசு கேட்கும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 மணிவரை பொதுவாக ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. என்னிடம் அறை கட்டியவர்கள் சிலர் அந்த மாதத்தில் விடியற்காலையில்தான் பதிவு செய்கிறார்கள்.

கையில் இருக்கும் பணம் குறைவென்றால் ஃபோமை விட்டுவிடுங்கள். அந்தக் காசையும் சேர்த்து ஒரு கனமான கதவு போடுங்கள்.