மூன்றாவது இடம்

2021 ஆம் ஆண்டு மார்ச் 10 ஆம் திகதி, நள்ளிரவு கடந்து ஒரு மணித்தியாலம் ஆவதற்குள், பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரிலே ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு நிலையமொன்றில் தீ மூண்டது. அக்கட்டடம் முற்றாக அழிந்தது. அயற்கட்டடம் ஒரு பகுதி எரிந்தது. தப்பிய இரண்டும் மின்சாரம் துண்டிக்கப்பட்டு அடங்கின. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் இலட்சக்கணக்கான இணையத்தளங்கள் பேச்சிழந்தன. அவரவர் அனர்த்த மீட்புத் திட்டத்தைச் செயற்படுத்துமாறு நிறுவனர் வாடிக்கையாளருக்கு அறிவித்தார். சிலருடைய காப்புப் பிரதிகளோ எரிந்த கட்டடத்தினுள்ளேயே இருந்தன!

முகிற் கணிமை என்னும் பெயர்தான் மனிதரை மயக்குகின்றது போலும். முகிலுக்கும் நிலமுண்டு, சுவருண்டு, மின்கலமுண்டு.

இன்றைய மென்பொருள்கள் கொள்கலங்களாகக் கட்டப்பட்டுப் பல கணினிகளில் ஒருசேர இயங்குகின்றன. அவற்றை நெறிப்படுத்தும் குபர்நெட்டிஸை 2014 இல் கூகிள் வெளியிட்டது. கிரேக்க மொழியில் அச்சொல் மீகாமனைக் குறிக்கும். கொள்கலமொன்று அழிந்தால் மீகாமன் வேறொரு கணினியில் அதன் பிரதியை எழுப்பிவிடுவான். மீகாமனே மூழ்கினால்?

அவனது நினைவு எட்சிடி என்னும் தரவுக் களஞ்சியத்தில் உள்ளது. மன்றக் கூட்டத்திற்குக் கூட்ட நடப்பெண் வேண்டப்படுவது போல, அக்களஞ்சியத்தின் உறுப்புகளுட் பெரும்பான்மை உடன்பட்டாலன்றி எதுவும் எழுதப்படுவதில்லை. உறுப்புகள் மூன்றாயின் ஒன்றின் இழப்பைத் தாங்கலாம். நான்காயினும் ஒன்றையே தாங்கலாம். சிக்கனம் கருதி இரு நிலையங்களோடு நிற்போர் இதனைக் கவனிப்பதில்லை. மூன்று உறுப்புகளை ஈரிடத்தில் வைத்தால் ஓரிடத்தில் இரண்டு இருந்தே தீரும். அவ்விடம் எரியுமாயின் பெரும்பான்மை போயிற்று. எஞ்சிய நிலையத்தில் ஓடும் கொள்கலங்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் இழந்தவற்றுக்கு ஈடாகப் புதியவற்றை நிறுத்த ஆணையிடுவார் இரார். ஆகவே மூன்றாவது இடம் ஆடம்பரமன்று.

அவ்விடம் எத்துணைத் தொலைவில் அமையலாம்? கண்ணாடியிழையில் ஒளி நூறு கிலோமீற்றர் போய்வர ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கன் எடுக்கும். ஒவ்வோர் எழுத்தும் பெரும்பான்மையின் மறுமொழிக்குக் காத்திருப்பதால், தூரம் கூடக் கூட வேகம் குன்றும். ஒரே தீயும் ஒரே வெள்ளமும் தொடாத தூரம், உரையாடல் தளராத அண்மை: இவ்விரண்டிற்குமிடையே இடந்தேட வேண்டும். செலவும் சிறிதன்று. மூன்றில் ஒரு நிலையம் வீழ்ந்தால் ஏனைய இரண்டும் ஒன்றரை மடங்கு சுமக்க நேரும். அதற்கான வலுவை வாளா வைத்திருக்கப் பணம் கொடுப்பதைக் கணக்காளர் விரும்புவதில்லை.

இவ்வளவும் செய்தாலும் தரவின் கதை வேறு. கொள்கலம் அச்சிலிருந்து வார்க்கப்படுவது. எங்கும் மீண்டும் வார்க்கலாம். தரவுக்கு அச்சு இல்லை. 2025 செப்டெம்பர் 26 ஆம் திகதி தென் கொரியாவின் டேஜொன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலத் தீ பரவி, அரசின் 709 கணினி அமைப்புகளை நிறுத்தியது. அரச ஊழியரின் கோவைகளைத் தாங்கிய சேமிப்பகத்தில் 858 ரெராபைற்று அழிந்தது. அதற்கு வெளியே பிரதி எதுவும் இருக்கவில்லை. பிரதியெடுக்க முடியாத அளவு பெரியதென்று காரணம் கூறப்பட்டது.