நடு ஸ்பீக்கர்

எங்கள் வீட்டில் மூன்று வருடமாக ஒரே சண்டை டிவி சத்தத்தைப் பற்றித்தான். அப்பாவுக்கு 42 வேண்டும், அம்மாவுக்கு 18 போதும். சனிக்கிழமை பினாங்கிலிருந்து கூலிம் வீட்டுக்கு வரும்போது, கேட்டைத் திறப்பதற்கு முன்பே உள்ளே என்ன படம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். பக்கத்து வீட்டு மக்சிக் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் மஃக்ரிப் நேரமானால் அம்மாவுக்குக் கூச்சம் வந்துவிடும். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைப்பார். அப்பா பதில் பேசாமல் எழுந்து வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார்.

"பேசுறது கேக்குது பாப்பா. என்ன பேசுறானுங்கன்னுதான் வெளங்கல."

இதுதான் அப்பாவின் புகார். அதுவும் புதுப்படங்களைப் பற்றி மட்டும். 1952-இல் வந்த 'பராசக்தி' போட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. நீதிமன்றக் காட்சியில் சிவாஜியோடு சேர்ந்து, ஒரு சொல் பிசகாமல் அவரும் பேசுவார். "அந்தக் காலத்துல வாயத் தொறந்து பேசுனாங்க. இப்ப உள்ளவன்லாம் பல்லுக்குள்ளயே பேசுறான்" என்பார். புதுப்படத்தில் வந்த நகைச்சுவையை மறுநாள் எனக்குச் சொல்லும்போது மட்டும் பாதி மலாயில் வரும். அது அவர் பழக்கம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

அப்பா சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. இப்போதைய டிவி விரல் தடிமன்தான் இருக்கிறது. ஸ்பீக்கரை எங்கே வைப்பார்கள்? கீழே பார்த்தபடியோ பின்சுவரைப் பார்த்தபடியோ ஒளித்து வைத்திருப்பார்கள். நான் பெர்லிஸில் மின்னணுப் பொறியியல் படித்தவள். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சிப்புகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை. கருவி சரியில்லை என்றால் வேறு கருவி வாங்கலாம் என்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. போனஸ் வந்ததும் 1,500 வெள்ளியை ஒதுக்கி, ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

ரிசீவர் என்றதும் பலருக்கு அஸ்ட்ரோ பெட்டிதான் ஞாபகம் வரும். நான் சொல்வது அதற்கு அடுத்து வருவது. படத்தின் ஒலியை வாங்கி, அதைத் தனித்தனிச் சேனல்களாகப் பிரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தேவையான சக்தியைக் கொடுத்து அனுப்பும் கனமான கறுப்புப் பெட்டி. "எதுக்கு அது? நானூறு வெள்ளிக்கு ஒரு சவுண்ட்பார் வாங்கிப் போடு" என்றான் கூட வேலை செய்பவன். எனக்கு வேண்டியது நடு ஸ்பீக்கர். 5.1 ஒலியில் கலக்கப்பட்ட படங்களில் வசனத்தின் பெரும்பகுதி நடுச் சேனலில்தான் இருக்கும். இசை, மழை, சண்டை எல்லாம் மற்றவற்றில் பரவியிருக்கும். ரிசீவர் இருந்தால் நடுச் சேனலை மட்டும் தனியாகக் கூட்டலாம். பேச்சு ஏறும், வெடிகுண்டு ஏறாது. அம்மாவும் அப்பாவும் ஒரே ஹாலில் உட்கார அது போதும் என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த ஆறு வாரம் இரவெல்லாம் விவரக்குறிப்புகளைப் படித்தேன். அதில் ஒரு சுகம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு மினி காம்போ இருந்தது. முன்னால் 'பி.எம்.பி.ஓ. 3000 வாட்' என்று வெள்ளி எழுத்தில் ஸ்டிக்கர். பின்னால் திருப்பினால் அது எடுத்துக்கொள்ளும் மின்சாரமே 60 வாட்தான் என்று போட்டிருக்கும். 60 உள்ளே போய் 3000 எப்படி வெளியே வரும் என்று அப்பாவிடம் கேட்டேன். "அதான் பாப்பா யாவாரம்" என்றார். நான் பொறியியல் படிக்கப் போனதற்கு அந்த ஸ்டிக்கரும் ஒரு காரணம்.

இப்போது வியாபாரம் கொஞ்சம் நாகரிகமாகிவிட்டது. நான் பார்த்த ஒரே ரிசீவருக்கு மூன்று எண்கள் இருந்தன. ஓரிடத்தில் 135 வாட், இன்னோரிடத்தில் 100, விவரப் பட்டியலின் அடியில் 70. மூன்றுமே பொய் இல்லை. 135 என்பது ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, ஒரே ஒரு 1000 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, 10 விழுக்காடு சிதைவையும் பொறுத்துக்கொண்டு எடுத்த அளவு. 70 என்பது இரண்டு சேனல்களை, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவு கிட்டத்தட்ட இல்லாமல் ஓட்டியது. ஐந்தும் ஒன்றாக ஓடினால் எவ்வளவு என்று எங்கேயும் எழுதவில்லை. வேலையிடத்தில் என் சீனியர் அடிக்கடி சொல்வார்: எண்ணைப் படிக்காதே, அது எந்த நிலைமையில் எடுத்த எண் என்று படி.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 50 வாட் ரிசீவருக்குப் பதில் 100 வாட் வாங்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டும்தான். காதுக்கு இரண்டு மடங்குச் சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு சக்தி. 86 டெசிபெல் திறன் உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 89 உள்ளதை வாங்கினாலே வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். எங்கள் ஹாலின் நீளம் பன்னிரண்டு அடி. அங்கே சாதாரணமாகப் படம் பார்க்க ஒரு வாட்கூட ஆகாது. ஆகவே வாட்டுக்காக ஒரு வெள்ளியும் கூடுதலாகக் கொடுக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். கூரையிலிருந்து சத்தம் வரும் வசதியும் வேண்டாம். டிவியின் ஒலி ஒரே கேபிளில் திரும்பி வரும் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. இருக்க வேண்டும், ஏனென்றால் அம்மா இரண்டு ரிமோட்டைத் தொடமாட்டார். அறையை அளந்து தானே சரிசெய்துகொள்ளும் மைக்கும் வேண்டும். டெனானில் அதற்கு ஆடிசி என்று பெயர், யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ. ஆக மலிவான மாடல்களில் சில சமயம் அது இருக்காது.

ஒரு ஞாயிறு காலை லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் 250 வெள்ளிக்கு அழகான ஜப்பான் ரிசீவர் ஒன்று கிடைத்தது. கிட்டத்தட்ட வாங்கிவிட்டேன். பின்னால் திருப்பிப் பார்த்தால் 100 வோல்ட். நம் வீட்டுச் சுவரில் வருவது 230. ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் சேர்த்து வாங்கி, அதை எப்போதும் நடுவில் மாட்டி வைக்க வேண்டும். என்றாவது அம்மா கூட்டிப் பெருக்கும்போது பிளக்கைக் கழற்றி நேராகச் சுவரில் குத்தினால் அன்றே புகை. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் 1,350 வெள்ளிக்குப் புதிது. நண்பனிடம் 250-க்குப் பழைய ஜோடி ஸ்பீக்கர். நடு ஸ்பீக்கர் மட்டும் புதிதாக 380. போட்ட கணக்கைத் தாண்டிவிட்டது. அம்மாவிடம் பாதி விலைதான் சொன்னேன்.

எல்லாம் மாட்டி முடித்ததும் மைக்கை வைத்து அளக்க வேண்டும். கேட்பவரின் காது இருக்கும் உயரத்தில், அவர் உட்காரும் இடத்தில் மைக் இருக்க வேண்டும் என்று கையேடு சொன்னது. அப்பாவை அவருடைய பிரம்பு நாற்காலியிலிருந்து எழுப்பினேன். என் பழைய பாடப்புத்தகங்களை அதில் அடுக்கி, மேலே மைக்கை வைத்தேன். காற்றாடியை நிறுத்தினோம். ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கீச்சிட்டு முடித்ததும் திரையில் எண்கள் வந்தன. தூரம், அளவு எல்லாம் துல்லியம். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த அப்பா, "நான் ஒக்காரலாமா?" என்றார்.

அன்றிரவு புதுப்படம் போட்டேன். நடுச் சேனலை 4 டெசிபெல் கூட்டியிருந்தேன். எனக்குப் பேச்சு கண்ணாடிபோலக் கேட்டது. இருபது நிமிடம் அப்பா பேசாமல் பார்த்தார். பிறகு அவர் கை ரிமோட்டுக்குப் போனது. நான் நடுச் சேனலை 6 ஆக்கினேன். பெரிய சத்தத்தை அடக்கிச் சின்னச் சத்தத்தைத் தூக்கும் இரவு முறையையும் போட்டேன். "நல்லாதான் இருக்கு பாப்பா" என்றார். நான் வருத்தப்படக்கூடாது என்பதற்காகச் சொன்னது, எனக்குத் தெரியாதா? கண்கள் திரையின் அடிப்பகுதியிலேயே இருந்தன. அங்கே மலாய் வசன வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய நகைச்சுவை ஏன் பாதி மலாயில் வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

கருவி சரி, கேபிள் சரி, முடிவு மட்டும் தப்பு என்றால் மறுமுனையைச் சோதி என்பது எங்கள் பிரிவில் முதல் பாடம். அடுத்த சனிக்கிழமை கைப்பேசியில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு, நடு ஸ்பீக்கரில் ஒவ்வொன்றாக விட்டேன். கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்றேன். 500 ஹெர்ட்ஸ், தூக்கினார். 1000, 2000, தூக்கினார். 3000-க்குச் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. 4000 விட்டபோது சமையலறையிலிருந்து அம்மா, "அந்தச் சனியன நிறுத்து, காது கிழியுது!" என்று கத்தினார். அப்பா விரலை முழங்கால்மேல் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடு பாப்பா."

"போட்டாச்சுப்பா."

அப்பா ஒரு செம்பனை ஆலையில் 27 வருடம் பாய்லர்மேன். நாரும் ஓடும் போட்டு எரிக்கிற கொதிகலன், பக்கத்தில் டர்பைன், குலைகளை வேகவைக்கும் கலனிலிருந்து நீராவி திறந்துவிடும் சத்தம். மஞ்சள் நிறக் காதடைப்பான் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதிகாரிகள் வரும்போது மாட்டுவாராம். "அத மாட்டிக்கிட்டா மிஷின் சத்தம் எப்படிக் கேக்கும்? சத்தம் மாறுனா எங்க கோளாறுன்னு சொல்லிருவேன் நான்" என்று பெருமையாகச் சொல்வார். 1989-ஆம் ஆண்டு விதிமுறைப்படி எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த சராசரி அளவு 90 டெசிபெல். 2019-இல்தான் அதை 85 ஆக்கினார்கள். அப்பா ஓய்வு பெற்றது 2017. 85-க்கும் 90-க்கும் ஐந்துதானே என்று தோன்றும். ஒலி ஆற்றலில் அது மூன்று மடங்கு. ரிசீவருக்காக ஆறு வாரம் இதே டெசிபெல் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

இரைச்சலில் கெடும் காது பெரும்பாலும் முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் கெடும். உயிரெழுத்துகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக வரும், அவை கேட்கும். மெய்யெழுத்துகளின் அடையாளம் பலவீனமானது, நிறைய அந்த மேல்பக்கத்தில் இருப்பது. அது போனால் காடு, பாடு, சாடு எல்லாமே வெறும் 'ஆடு'தான். பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது விளங்காது. அப்பா மூன்று வருடமாகச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பராசக்தியை அவர் கேட்கவில்லை. அது அவருக்கு மனப்பாடம்.

இன்னொன்றும் உண்டு. பெர்லிஸில் படித்த நான்கு வருடமும் நான் ஃபோன் செய்தால் அப்பா, "சாப்டியா? சரி, இந்தா அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுவார். அப்பா அதிகம் பேசாத ஆள் என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் கோபமும் இருந்தது. வழக்கமான தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும் என்பது இரண்டாம் ஆண்டுப் பாடம். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அப்பாவின் காதுக்கு மிச்சமிருந்ததிலும் அது கொஞ்சத்தைக் கழித்துத்தான் கொடுத்திருக்கும் என்று யோசிக்கவில்லை.

அரசாங்க மருத்துவமனையில் காது பரிசோதனை செய்தார்கள். ஒரு தாளில் வரைபடம் கொடுத்தார்கள். இடப்பக்கம் ஓரளவு நேராக வந்து, 4000-இல் பள்ளத்தில் விழும் கோடு. எத்தனை ஸ்பீக்கர்களின் கோடுகளை இரவெல்லாம் பார்த்திருப்பேன்! கெட்ட செல்கள் திரும்ப வளராது, கருவி மாட்டலாம், பழக நாளாகும் என்றார்கள். அடுத்த மாதம் அளவெடுக்கத் தேதி. சொக்சோவுக்கு மனுப் போடலாம் என்றேன். "அங்க நல்லாதான் பாத்துக்கிட்டாங்க பாப்பா" என்று அப்பா இழுக்கிறார். பாரத்தை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் நிரப்பவில்லை.

ரிசீவர் வீண் இல்லை. நடு ஸ்பீக்கர் 6-இல் நிற்கிறது, இரவு முறை எப்போதும் போட்டபடியே. மஃக்ரிப் நேரத்தில் அம்மா இப்போது ஓடுவதில்லை. நீங்களும் வாங்கப் போவதாக இருந்தால் வாட்டைப் பார்க்காதீர்கள், வோல்ட்டைப் பாருங்கள், நடு ஸ்பீக்கரில் கஞ்சம் பிடிக்காதீர்கள். மைக் அளப்பது அறையைத்தான். நாற்காலியில் உட்காரப்போகிறவரை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது நான் வீட்டுக்கு வீடியோவில்தான் அழைக்கிறேன், என் வாய் தெரியும்படி. போன புதன்கிழமை வழக்கம்போல அவசரமாக ஏதோ சொல்லிக்கொண்டு போனேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாயத் தொறந்து பேசு பாப்பா. பல்லுக்குள்ளயே பேசாத."

திறந்து பேசினேன். பதினொரு நிமிடம் ஆனது. ஃபோனை அம்மாவிடம் கொடுக்கவில்லை.