சாகுபுரத்துக்கு வந்த சாவி இல்லாத கார்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலை சுமார் 40 கிலோமீட்டர். முத்தையாபுரம் தாண்டியதுமே உப்பளங்கள் கண்ணில் படும். மே மாதம் என்றால் பாத்திகளில் உப்பு விளைந்து, கரையோரம் வெள்ளை வெள்ளையாக அம்பாரம் குவிந்திருக்கும். முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தைக் கடந்தால் காட்சி அப்படியே மாறிவிடும். ஆத்தூர்ப் பக்கம் வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் குளிர்ச்சியாக வரவேற்கும். இந்த ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதையும் தாண்டினால் காற்றில் மறுபடி உப்பு வாசம். ஆலையின் புகைபோக்கிகளும் குடியிருப்பின் மர நிழலும் தெரிந்தால் சாகுபுரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

டி.சி.டபிள்யூ. ரசாயன ஆலையைச் சுற்றி உருவான ஊர் இது. 1950-களின் கடைசியில் வந்த ஆலை. உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, இன்னொரு பக்கம் குளோரின் கிடைக்கும். சோப்பு, காகிதம், பி.வி.சி. குழாய் என்று நம் வீட்டுக்குள் வரும் பல பொருள்களின் தொடக்கம் இந்த வேதியியல்தான்.

உப்பு, ஈரம், மின்சாரம். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த ஊர் தொழிலாகவே செய்கிறது. அதே மூன்றும் ஒரு காரின் கதவுக் கைப்பிடிக்குள் சேர்ந்தால் என்ன ஆகும்? கடந்த கோடை விடுமுறையில் அதையும் இங்கேதான் பார்த்தேன்.

சாகுபுரத்தில் வளர்ந்த நண்பர் ஒருவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். வெகுநாள் ஆசைப்பட்டு, இரண்டு கதவு, இரண்டே இருக்கை கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். அதில்தான் அப்பா அம்மாவைப் பார்க்க வந்தார், நானும் கூட வந்தேன். தரையோடு ஒட்டிக்கொண்டு போகும் அந்தக் காரைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர்களை அசத்தியது அதன் வேகம் அல்ல. நண்பர் சாவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கைப்பிடியைத் தொட்டார், கதவு திறந்தது. பொத்தானை அமுக்கினார், இன்ஜின் உறுமியது. “மாமா, சாவியே இல்லாமலா?” என்று ஒரு பொடியன் வாயைப் பிளந்தான்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. கைப்பிடியைத் தொட்டதும் கார் மிகக் குறைந்த அலைவரிசையில் ஒரு குரல் கொடுக்கிறது. பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ். அது ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகாது. பையில் தூங்கிக்கொண்டிருக்கும் ரிமோட் சாவி அதைக் கேட்டு விழித்து, 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு ரகசியப் பதிலை அனுப்புகிறது. பதில் சரியாக இருந்தால் பூட்டு விலகும். இவ்வளவும் நாம் கைப்பிடியை இழுத்து முடிப்பதற்குள் நடந்துவிடும்.

1982-ல் பிரான்ஸின் ரெனோ நிறுவனம் ஃபுவேகோ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் பொத்தானை அமுக்கித் திறக்கும் ரிமோட்டைக் கொண்டுவந்தது. 1993-ல் அமெரிக்காவின் கார்வெட், பொத்தானைக்கூட அமுக்க வேண்டாம், சாவியோடு பக்கத்தில் வந்தாலே போதும் என்றது. அன்று பணக்காரர் விளையாட்டாக இருந்தது, 2023 ஜனவரியில் ஹோண்டா ஆக்டிவா ஸ்கூட்டருக்கே வந்துவிட்டது. ஆகவே, இது ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் கதை மட்டும் அல்ல.

முதல் சிக்கல் திருச்செந்தூரில் வந்தது. கோயிலுக்குப் போனால் கடலில் குளிக்காமல் வர முடியுமா? அந்தக் காலத்து இரும்புச் சாவி என்றால் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு கடலில் இறங்கிவிடலாம். அதற்கு என்ன ஆகிவிடப்போகிறது? ரிமோட் சாவிக்குள் இருப்பதோ சின்ன மின்பலகையும் பொத்தான் பேட்டரியும். மழைச் சாரலைத் தாங்கும், உப்புத் தண்ணீரைத் தாங்காது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தைக் குடித்துப் பச்சை பூக்க வைக்கும். சரி, காருக்குள்ளேயே வைத்துவிட்டுப் போகலாம் என்றால், சாவி உள்ளே இருப்பதை உணர்ந்து கார் பூட்ட மறுத்தது. கடைசியில் நண்பர் குளிக்க, நான் கரையில் சாவியோடு காவல். பிறகு நான் குளிக்க, அவர் காவல்.

தவறிப்போய்ச் சாவி கடலில் நனைந்துவிட்டால் பொத்தானை அமுக்கிப் பார்க்காதீர்கள். உடனே பேட்டரியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, முழுதாகக் காய்ந்த பிறகு புதுப் பேட்டரி போடுங்கள். பிழைக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, குடும்பங்களில் அடிக்கடி நடப்பது. சாவி மனைவியின் கைப்பையில் இருக்கும். கணவர் அவரைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போவார். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின், சாவி விலகிப் போனதும் நின்றுவிடாது. பாதி வழியில் நின்றால் விபத்தாகிவிடும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். ‘சாவியைக் காணோம்’ என்று கார் பீப் அடிக்கும், பாட்டுச் சத்தத்தில் அது காதில் விழாது. பத்து கிலோமீட்டர் தாண்டி இன்ஜினை அணைத்த பிறகுதான் விஷயம் புரியும். இனி கார் நகராது. யார் ஓட்டுகிறாரோ அவர் பையில்தான் சாவி இருக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டமே போட்டுவிடலாம்.

பெரிய சிக்கல் சாகுபுரம் வீட்டு வாசலில் காத்திருந்தது. கார் போர்ட்டிகோவில் நின்றது. சாவி, சுவருக்கு உட்புறம் ஆணியில் தொங்கியது. இரண்டுக்கும் இடையே நான்கடி தூரம்கூட இல்லை. அப்படி அருகிலேயே கிடந்தால் சில கார்களும் சாவிகளும் அடிக்கடி விழித்து ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும். சாவிக்குள் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரியும் தேயும், கார் பேட்டரியும் தேயும். அது ஏற்கெனவே வயதான பேட்டரி. பத்து நாள் கழித்துக் கைப்பிடியைத் தொட்டால் கார் வாயே திறக்கவில்லை.

ஆறுமுகநேரியிலிருந்து மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, சாவி எங்க?” என்றார்.

“இதுக்குச் சாவி கிடையாது அண்ணாச்சி.”

“சாவி இல்லாத காரு இன்னும் பொறக்கல தம்பி. கொண்டாங்க.”

ரிமோட்டின் ஓரத்தில் இருந்த சின்னத் தாழை விலக்கி இழுத்தார். உள்ளிருந்து நீளமாக ஓர் உலோகச் சாவி வந்தது. ஓட்டுநர் பக்கக் கைப்பிடிக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியை மெல்ல நெம்பினார். சாவித் துவாரம் தெரிந்தது. சாவியும் இருக்கிறது, துவாரமும் இருக்கிறது. ஆனால் சாவி திரும்பவில்லை. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. உள்ளே போன உப்புக்காற்று பூட்டை இறுக்கியிருந்தது.

அண்ணாச்சி அவசரப்படவில்லை. துருநீக்கும் ஸ்பிரேயைக் கொஞ்சம் அடித்துவிட்டு ஒரு டீ குடித்தார். பிறகு சாவியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த வகைக் கார்களில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இருக்காது. கதவைத் திறக்கும்போது கண்ணாடி தானாக ஒரு சென்டிமீட்டர் இறங்கி, ரப்பரிலிருந்து விடுபடும். மின்சாரம் இல்லாதபோது அது இறங்காது. வேகமாக இழுத்தால் கண்ணாடி உடையலாம். அண்ணாச்சி கதவைக் குழந்தையைத் தூக்குவதுபோல் பிடித்துத் திறந்தார்.

“மாசத்துக்கு ஒரு தடவை இந்தச் சாவியப் போட்டுத் தெறங்க தம்பி. இந்த ஊருக் காத்துல ஓடாத பூட்டு பூட்டாவே செத்துப்போகும்” என்றார். கைப்பிடியிலிருந்த ரப்பர் பொத்தானையும் கழற்றிக் காட்டினார். உள்ளே செம்பு முனைகள் பச்சையாகப் பூத்திருந்தன. உப்புப் படலம் ஈரமானால் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். ஆலைக்குள் வேலையாக நடப்பது இங்கே வேண்டாத இடத்தில் நடந்திருந்தது. கடற்கரைக்குப் போய்வந்தால் கைப்பிடிகளையும் நல்ல தண்ணீரால் கழுவுவது, பேட்டரி முனைகளில் வாசலின் தடவுவது என்று அவர் சொன்னவற்றில் செலவு வைக்கும் விஷயம் எதுவும் இல்லை.

வெளியே நின்றதால் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பேச முடிந்தது. ஆள் உள்ளே இருந்திருந்தால்?

2015 ஜூனில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் போர்ட் ஆர்தர் நகரில் 72 வயது முதியவர் ஒருவர், தன் 2007 மாடல் கார்வெட் காருக்குள் வளர்ப்பு நாயுடன் சிக்கிக்கொண்டார். அந்தக் காரின் கதவு மின்சாரப் பொத்தானால் திறப்பது. பேட்டரி கேபிள் கழன்றதால் பொத்தான் வேலை செய்யவில்லை. இருவரும் வெப்பத்தில் இறந்துபோனார்கள். கதவைக் கையால் திறக்கும் நெம்புகோல் அந்தக் காரில் இருந்தது, இருக்கைக்குப் பக்கத்தில், தரையோரமாக. கைக்கெட்டும் தூரம்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2022 ஜூனில், பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடி அருகே, நின்றிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத்திணறி இறந்தார்கள். அங்கே கீலெஸ் பூட்டு பிரச்சினை இல்லை. மூடிய கார், வெயில், வெளியே வரும் வழி தெரியாத பிள்ளைகள், அவ்வளவுதான். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்கிறது என்றும், அதில் 80 சதவிகிதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது என்றும் 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. அந்த ஆய்வு நடந்த நாள்களில் வெளி வெப்பம் 36 டிகிரியைத் தாண்டவில்லை. நம் மே மாத வெயிலை நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கடற்கரை முத்துக்குப் பேர்போனது. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்குக்குளிப்பு தொடர்கிறது. அந்தக் கால முத்துக்குளிப்பில் ஒருவர் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். இன்னொருவர் தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழிருந்து கயிற்றை அசைத்தால் மேலே இழுக்க வேண்டும். மூச்சு அடங்கும் நேரத்தில் புது ஏற்பாடு எதையும் யோசிக்க முடியாது. ஆகவே கயிறு முதலில், முத்து அப்புறம். கார்வெட்டின் நெம்புகோலும், ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சாவியும் அந்தக் கயிறுதான். கயிறு எங்கே இருக்கிறது என்று இறங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் கார் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ரிமோட்டுக்குள் இருக்கும் சாவியை எடுத்து ஒருமுறை கதவைத் திறந்து பாருங்கள். ரிமோட் பேட்டரி தீர்ந்தால் அதை எங்கே ஒட்டிவைத்தால் இன்ஜின் கிளம்பும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். பல கார்களில் அது ஸ்டார்ட் பொத்தான்தான். மின்சாரம் இல்லாமல் உள்ளிருந்து கதவைத் திறப்பது எப்படி என்று வீட்டுப் பெரியவர்களுக்கும் காட்டுங்கள். பின் கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் அது உள்ளிருந்து திறக்காது. முன் இருக்கைக்குத் தாவி வந்து கதவைத் திறக்கவும், விடாமல் ஹாரன் அடிக்கவும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். பெரும்பாலான கார்களில் இன்ஜின் அணைந்திருந்தாலும் ஹாரன் ஒலிக்கும். வீட்டில் யாரும் ஓட்டாத நேரத்தில் காரைப் பூட்டியே வையுங்கள், சாவி பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

நண்பரின் அப்பா இப்போது அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டார். சாவி, காரை விட்டுத் தள்ளி, அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் ஒரு எவர்சில்வர் சம்படத்துக்குள் இருக்கிறது. மாதப் பிறப்பன்று மகனுக்கு போன் போட்டு, “சாவியப் போட்டுத் தெறந்தியால?” என்று கேட்கிறாராம்.