ரூட்டரை மாற்றினால் வேகம் வருமா?

எங்கள் வருசநாட்டைச் சுற்றி மலை இருப்பது கண்ணுக்கு அழகுதான். செல்போனில் சிக்னல் கிடைப்பதுதான் பெரும்பாடு. அதனால் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கினோம். ஆனாலும் என் மகள் பின்கட்டில் உட்கார்ந்து போட்டித் தேர்வு வகுப்பைக் கேட்கும்போது, வாத்தியார் பாதிப் பேச்சில் அப்படியே நின்றுவிடுவார். தேர்வுக்கோ இரண்டே மாதம்.

"ஐயாயிரம் போனாப் போகுது, புது ரூட்டர் வாங்கிருவோம்" என்றார் என் கணவர். சும்மாவா வருகிறது ஐயாயிரம்? மூல வைகை வறண்டு கிடக்கையில் குழாயை மாற்றி என்ன செய்ய! "முதல்ல வரத்து எவ்வளவுன்னு பாருங்க" என்றேன்.

மகள் ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேராக வயர் மாட்டி அளந்தாள். நாங்கள் பணம் கட்டுவது 40 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு, 38 வந்தது. பின்கட்டில் வயர் இல்லாமல் அளந்தால் வெறும் 4! ரூட்டர் இருந்ததோ முன்னறையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால். நடுவில் இரண்டு கனத்த சுவர் வேறு. இணைப்புக்காரத் தம்பியை வரவழைத்து, நடுக்கூடத்தில் உயரமாக மாட்டச் சொன்னோம். இப்போது பின்கட்டில் 25 வருகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், சுவரைத் தாண்டும் தெம்பு குறைவு, அங்கே 2.4 தான் ஒத்துவருகிறது.

வயரிலேயே வேகம் இல்லையென்றால் புது ரூட்டருக்கு முந்தாதீர்கள், இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கம்பத்தில் என் அண்ணன் வீட்டுக் கதை வேறு. 100 எம்.பி.பி.எஸ். திட்டம், வயரில் சரியாக வந்தது. ரூட்டர் பக்கத்திலேயே வயரில்லாமல் அளந்தால் 30 தாண்டவில்லை. 2.4 மட்டுமே உள்ள பழைய ரூட்டர். அவர்கள் புதுசு வாங்கினார்கள்; அது நியாயமான செலவு.