பட்டியலின் கடைசி வரி

பாட்டியின் பிறந்தநாளன்று அவரை உணவகத்திற்கு அழைத்துச் சென்றேன். என் கைச்செலவுப் பணத்தில் 45 வெள்ளி சேர்த்து வைத்திருந்தேன். விலைகளைக் கூட்டிப் பார்த்தே உணவு வகைகளைத் தேர்ந்தெடுத்தேன். மொத்தம் 40 வெள்ளி. மீதி 5 வெள்ளியில் பாட்டிக்குப் பூ வாங்கலாம் என்று எண்ணினேன்.

சாப்பிட்டு முடித்ததும் கட்டணச் சீட்டு வந்தது. 47 வெள்ளி 96 காசு! நான் பதறிப்போனேன்.

“தவறாகப் போட்டுவிட்டார்கள், பாட்டி!”

பாட்டி சீட்டை வாங்கிப் படித்தார். “தவறில்லை, கண்ணா. 40 வெள்ளிக்குச் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு. அது 4 வெள்ளி. பிறகு, 44 வெள்ளிக்குப் பொருள், சேவை வரி 9 விழுக்காடு. அது 3 வெள்ளி 96 காசு.”

உணவுப் பட்டியலைப் புரட்டினேன். அடியில், சிறிய எழுத்தில் அந்த விவரம் இருந்தது. பேரங்காடியில் விலைச்சீட்டிலேயே வரி அடங்கியிருக்கும். இங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

பாட்டி தம் கைப்பையிலிருந்து 3 வெள்ளியை எடுத்துக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

“1994இல் சிங்கப்பூரில் இந்த வரி வந்தபோது 3 விழுக்காடுதான். அப்போது நானும் கணக்கில் தடுமாறினேன்,” என்று அவர் சிரித்தார்.

வீட்டிற்கு வந்ததும் கணக்குப் போட்டேன். 37 வெள்ளி 50 காசுக்குள் வாங்கியிருந்தால் என் பணமே போதுமானதாக இருந்திருக்கும். இப்போதெல்லாம் எந்தப் பட்டியலையும் கடைசி வரியிலிருந்தே படிக்கத் தொடங்குகிறேன். பாட்டியின் அடுத்த பிறந்தநாளுக்கும் பணம் சேர்த்து வருகிறேன், பூவுக்கும் சேர்த்து!