எலுமிச்சை உப்பில் ஊறும் இரும்பு

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஸ்பேனர், வைஸ், உளி, இழைப்புளித் தகடு எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. எடை போட்டு வாங்கியதைக் கருவி என்று சொல்லி விற்க வேண்டுமானால் துருவை எடுத்தாக வேண்டும். பட்டறைகளில் அதற்கு மூன்று வழிகளைப் பார்த்தேன். ஒன்று கிரைண்டரில் பிடிப்பது. இரண்டாவது, கழிப்பறை கழுவும் ஆசிட்டில் முக்குவது. மூன்றாவது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம் கரைத்த பக்கெட்டில் ஊறப்போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பது. பார்க்க ஒன்றுமே நடக்காதது போலிருக்கும் இந்த மூன்றாவதுதான் கருவி அறிந்தவர் செய்கிற வேலை என்பேன்.

கருவியின் உயிர் அதன் அளவிலும் பதத்திலும் இருக்கிறது. ஸ்பேனரின் வாய் கொஞ்சம் தேய்ந்து அகன்றாலும் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். மரை வெட்டும் டேப்பின் பல்லில் கிரைண்டர் பட்டால் அது பழைய இரும்புதான். உளியின் கதை இன்னும் மோசம். கல்லில் அழுத்திப் பிடிக்கும்போது முனை சூடேறி 300 டிகிரியைத் தொட்டால் நீலம் பாரிக்கும். அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை சாணை பிடித்தாலும், நீலம் ஏறிய பகுதி தேய்ந்து தீரும்வரை கூர் நிற்காது. எலுமிச்சை உப்போ துருவைக் கரைத்து, கரைந்த இரும்பைத் தன்னோடு பிணைத்துத் தண்ணீரிலேயே வைத்துக்கொள்கிறது. லிட்டருக்கு 50 கிராம் போட்டு ஓர் இரவு விட்டால் போதும். காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் கறுப்புக் கசடு கழன்று சாம்பல் நிற இரும்பு தெரியும். இன்னொரு லாபமும் உண்டு. பழைய உளிகள் பலவற்றில் மென்மையான இரும்பின்மேல் எஃகுப் பட்டை ஒன்றை உலையில் ஒட்டியிருப்பார்கள். அமிலம் இரண்டையும் ஒரே மாதிரி அரிப்பதில்லை என்பதால் ஒட்டிய கோடு வெளியே வரும். நல்ல எஃகு இன்னும் எவ்வளவு மிச்சம் என்று வாங்குபவர் கண்ணாலேயே அளந்துவிடலாம். உருக்கு வாள்களின் நீரோட்டக் கோலத்தை அமிலம் தடவி வெளிக்கொணர்வதும் இதே தத்துவம்தான்.

கிரைண்டரில் ஐந்து நிமிட வேலைக்கு ஓர் இரவா என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் ஓர் ஆள் நின்று, பறக்கும் துருவையும் கல்தூளையும் சுவாசிக்கிறார். பக்கெட்டுக்குக் காவல் தேவையில்லை. ஒரு கருவி ஊறும் நேரத்தில் நாற்பதும் ஊறும். கழிப்பறை ஆசிட் நிமிடங்களில் துருவைத் தின்னும் என்பது உண்மை. அதன் புகை மூக்கையும் நெஞ்சையும் எரிப்பதோடு, பக்கத்தில் நல்ல நிலையில் இருக்கும் இரும்புக்கும் துரு ஏற்றும். ஒன்றைச் சுத்தம் செய்யப்போய் அலமாரி முழுவதையும் கெடுக்கிற வேலை அது.

மென்மையான அமிலமும் இரும்பை அரிக்கும் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. அரிக்கத்தான் செய்யும், மெதுவாக. நாள்கணக்கில் மறந்துவிட்டால் சொரசொரப்பாகிவிடும். ஸ்பிரிங்கை இதில் போடவே கூடாது. அமிலத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் கடின எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கும். நாகமுலாம் பூசியதைப் போட்டால் துருவுக்கு முன் முலாம் போய்விடும். துரு தோண்டிய குழிகளை எந்த அமிலமும் நிரப்பாது. ஊறவைத்து எடுத்த இரும்பு சீக்கிரம் மறுபடி துருப்பிடிக்கிறது என்று குறை சொல்வதும் உண்டு. அந்தக் குறை பெரும்பாலும் கடைசி அரை மணியில் சோம்பியவருடையது. சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலில் சூடேற உலர்த்தி, மெஷின் ஆயில் தடவ வேண்டும். ஈரத்தோடு விட்டால் கண்ணெதிரிலேயே செம்மை படரும்.

பழைய உளி வாங்கப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். சாம்பல் நிறமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருப்பதை எடுங்கள். முனையில் நீலம் தெரிந்தால் பேரம் பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.