இணைவீடும் தனிவீடும்

இங்கிலாந்து தேசத்துச் சிறு நகரங்களின் புறத்தே புதிதாக எழும் குடியிருப்புக்களின் படங்களைக் காண்பார்க்கு ஒன்று வியப்பாகத் தோன்றும். சுற்றிலும் வயல் பரந்து கிடப்பினும், வீடுகளிற் பல தனித்து நில்லாமல் இரண்டிரண்டாக ஒட்டி நிற்கும். கூரை ஒன்று, வாயில் இரண்டு, நடுவே ஒரு சுவர். வலப்பக்கத்து வீடு இடப்பக்கத்து வீட்டைக் கண்ணாடியிற் பார்த்தாற்போல இருக்கும். ஆங்கிலேயர் இதனைச் ‘செமி டிட்டாச்டு’ வீடு என்பர். பாதி பிரிந்தது என்பது அதன் பொருள். பிரிவு எத்துணை எஞ்சிற்று என்று கணக்கிட்டுப் பெயர் வைத்தார்கள் போலும்! என் வாய்க்கோ ‘இணைவீடு’ என்றே வருகின்றது. தமிழ் பயில்வான் ஒருவனுக்கு அவ்வளவு உரிமையைப் படிப்போர் அளிப்பாராக.

யான் இதனை ஆராயப் புகுந்தது என் தந்தையார் கட்டளையால். என் அத்தை அந்நாட்டு மருத்துவமனையொன்றிற் செவிலியாகப் பணிபுரிகின்றார். இரண்டாண்டுகளுக்கு முன் அவர் வீடு வாங்க எண்ணியபோது, ஒரே குடியிருப்பில் இரண்டு வீடுகள் அவர் பார்வைக்கு வந்தன. ஒன்று சிறிய தனிவீடு. மற்றது ஓர் அறை மிகுந்தும் விலை குறைந்தும் இருந்த இணைவீடு. “பொதுச்சுவர் உள்ள வீடு வேண்டவே வேண்டாமென்று உன் அத்தைக்கு எழுது, காரணங்களையும் நீயே தேடு” என்றார் தந்தையார்.

அவர் அங்ஙனம் கூறியதற்குக் காரணம் உண்டு. என் பாட்டனாரும் அவர்தம் தமையனாரும் பூர்விக வீட்டை நடுச்சுவரால் இரண்டாக்கிக் கொண்டனர். இருவர் உத்திரங்களும் அவ்வொரு சுவரிலேயே தங்கின. தமையனார் ஒருநாள் மேல்மாடி எழுப்பத் தொடங்கினார், சுவர் வெடித்தது, வழக்கு முன்சீப்பு நீதிமன்றம் ஏறி ஒன்பதாண்டு நடந்தது. தந்தையாரும் அத்தையும் பிள்ளைப்பருவத்தில் அச்சுவரின் மறுபுறத்துப் பிள்ளைகளோடு பேசியதேயில்லை. ஆதலின் எனக்கு இடப்பட்டது எளிய பணியன்று.

முதலில் கட்டுவோன் கண்கொண்டு நோக்கினேன். ஆறு மீட்டர் அகலமுள்ள தனிவீட்டிற்கு இருமருங்கும் ஒவ்வொரு மீட்டர் இடைவெளி விடின், தெருவில் எட்டு மீட்டர் வேண்டும். இரண்டு வீடுகளை இணைத்தால் பதினான்கே போதும், வீடொன்றுக்கு ஏழு. 112 மீட்டர் நீளமுள்ள தெருவில் தனிவீடுகள் 14 நிற்குமிடத்து இணைவீடுகள் 16 நிற்கும். சாலையும் கழிவுநீர்க் குழாயும் அதே நீளந்தான். செலவைப் பகிர்ந்து கொள்வோர் இருவர் மிகுகின்றனர். அன்றியும், இரண்டு தனிவீடுகளுக்குச் சுவர் எட்டு, இணைத்தால் ஏழு. அவ்வேழிலும் ஒன்று மழையையும் பனிக்காற்றையும் காணாத சுவர். அதன் இருபுறமும் மனிதர் வாழும் அறைகள். குளிர்நாட்டில் வெப்பம் வெளிச்சுவர் வழியே ஓடிவிடுமாதலால், காயவேண்டிய சுவர் ஒன்று குறைதல் சிறு நன்மையன்று.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டிவிடலாமே எனின், அங்கேதான் இணைவீட்டின் சூட்சுமம் இருக்கின்றது. தொடர்வீட்டின் நடுவிலிருப்போன் மிதிவண்டியையும் குப்பைத் தொட்டியையும் கொல்லைக்குக் கொண்டுசெல்ல, பெரும்பாலும் வீட்டினூடேதான் செல்லவேண்டும். பின்புறம் பொதுச்சந்து இருந்தாலன்றி வேறு வழியில்லை. இணைவீட்டானுக்கோ பக்கத்தே ஒரு நடைவழி உண்டு. மோட்டார் வண்டி நிறுத்தவும் பெரும்பாலும் அவ்விடமே உதவுகின்றது. மூன்று பக்கமும் சாளரம் வைக்கலாம். தனிவீட்டானுக்கு மிகுவதெல்லாம் மற்றுமொரு குறுகிய சந்து. அதில் வெயில் புகாது, பூச்செடி வளராது, பெருமை ஒன்றே வளரும்!

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. இலண்டனில் செயின்ட் ஜான்ஸ் உட் என்னும் பகுதிக்கு 1794-இல் வரைந்த திட்டத்திலேயே இணைவீடுகள் காணப்படுகின்றன. பிளாக்ஹீத் என்னுமிடத்தில் மைக்கேல் சேர்லஸ் என்னும் சிற்பி 1790-களில் தொடங்கிக் கட்டிய ‘பாரகன்’ மாளிகைகள் ஏழும் உண்மையில் பதினான்கு வீடுகள். பார்வைக்கு மட்டும் ஏழு செல்வர்தம் இல்லங்கள்! ஏழைகளை அது பெருவாரியாக எட்டியது முதல் உலகப் பெரும்போருக்குப் பின்னரே. நகரங்களில் ஏக்கருக்கு 12 வீடுகளுக்கு மேற்படாமல் தோட்டத்தோடு கட்டுக என்று 1918-இல் டியூடர் வால்டர்ஸ் குழு உரைத்தது. மறு ஆண்டே சர்க்கார் வீடுகளுக்குச் சட்டம் பிறந்தது. இரு போர்களுக்கிடையே ஏறக்குறைய 40 இலட்சம் வீடுகள் எழுந்தன. அவற்றுள் இணைவீடுகள் மிகப் பல. பிற்காலத்தே காற்று மாறி வீசியது. 2000-த்தில் வந்த அரசாங்க விதி, ஹெக்டேருக்கு 30 வீடுகளுக்குக் குறையாமல் நெருக்கிக் கட்டுக என்றது. நாடு முழுமைக்குமான அவ்வெல்லை 2010-இல் நீக்கப்பட்டது. தனிவீடுகளும் இன்று மிகுதியாகவே கட்டப்படுகின்றன. எனினும் 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நூற்றுக்கு 31 குடும்பத்தார் இணைவீட்டிலேயே வாழ்ந்தனர். வேறெவ்வகை வீட்டிலும் அத்துணைப் பேர் இல்லை.

எஞ்சியது ஒலி. போர்களுக்கிடையே கட்டிய வீடுகளில் ஒரு செங்கல் நீளமே தடிப்பாக உள்ள நடுச்சுவர் வழக்கம். அடுத்த வீட்டு இருமல் இங்கே கேட்கும். 2003-இல் திருத்திய விதிகள், புதுவீட்டின் நடுச்சுவர் 45 டெசிபெல் அளவேனும் ஒலியைத் தடுத்தல் வேண்டும் என்கின்றன. இதனை யான் பெரிதும் நம்பியே அத்தைக்கு எழுதினேன். தந்தையார் வேண்டிய கடிதமன்று அது. அவருக்கு அதனை முதலிற் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாதிருந்து, “அனுப்பு” என்றார்.

அத்தை இணைவீட்டையே வாங்கினார். இராச் ஜெபத்திற் கீர்த்தனை பாடுதல் எங்கள் குலவழக்கம். முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டு மூதாட்டியாரிடம் சென்று, எங்கள் பாட்டு உம்மை வருத்துகின்றதா என்று கேட்டாராம். “பாட்டுக் கேட்கவில்லை, ஏதோ தட்டும் ஒலி மட்டும் வருகின்றது” என்றாராம் அவர். தாழ்ந்த ஒலியைச் சுவர் அத்துணை எளிதில் தடுக்காதன்றோ! அன்றுமுதல் கஞ்சிரா பெட்டிக்குள் உறங்குகின்றது. ஞாயிறு மாலையில் மட்டும், அம்மூதாட்டியார் தம் மகள் வீட்டிற்குச் சென்றிருக்கும் நேரத்தில், அது விழித்தெழும்.

இவ்வாண்டு அம்மூதாட்டியார் பின்புறத்தே ஓர் அறை சேர்க்க விரும்பினார். அதன் உத்திரம் நடுச்சுவரில் ஊன்றவேண்டியிருந்தது. 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி, அச்சுவரைத் தொடுமுன் இரண்டு மாத அவகாசம் கொடுத்து அயலார்க்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அறிவிப்பு வந்தது, அத்தை அதனைப் படமெடுத்துத் தந்தையார்க்கு அனுப்பினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் அதனை இருமுறை படித்தார். “இதை வாங்கிக்கொண்டு இவள் என்ன செய்தாளாம்?” என்று கேட்டார். சம்மதித்துக் கையெழுத்திட்டு, தேநீருக்கும் அழைத்தாராம் என்றேன். “எங்கள் பெரியப்பா ஒரு சொல் சொல்லியிருந்தால் அப்பாவும் கையெழுத்திட்டிருப்பார்” என்றார். பிறகு அச்சட்டத்தில் சுவர் வெடித்தால் யார் பொறுப்பு என்று தேடிப் பார்க்கச் சொன்னார். வேலை செய்விப்பவரே நஷ்டம் ஈடு செய்ய வேண்டும் என்று படித்துக் காட்டினேன்.